தூரத்தை 800-ஆல் வகுக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுத் தரும் கணிப்பான்களை உருவாக்குகிறவர்களுக்கு வணக்கம்.

தூரத்தில் எனக்குப் புகார் இல்லை. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்துப் பெருவட்டத் தூரம் (உருண்டையின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழி) கண்டுபிடிக்கிறீர்கள், சரி. வம்பெல்லாம் அதற்கு அப்புறம்தான். எல்லா விமானமும் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்து அந்தத் தூரத்தை 800-ஆல் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரத்தைச் சேர்த்து, "பயண நேரம்" என்று போட்டுவிடுகிறீர்கள். பெரிய நகரங்களுக்கு ஓரளவு ஒத்துவரும். தீவு என்று வந்தால் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர்தான். அட்டவணையிலேயே 2 நிமிடம், காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 விநாடியிலேயே இறங்கியிருக்கிறார்கள். உங்கள் சூத்திரம் அரை மணி என்கிறது. மிச்ச நேரம் முழுக்க அந்த விமானம் வானத்தில் என்ன செய்யும்?

இன்னொரு பக்கம், பல தீவுகளுக்கு இடையே ஓடுவது ஏடிஆர் மாதிரி டர்போப்ராப் (சுழலி வைத்த) சிறு விமானங்கள், மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே பெரிது. 500 கிலோமீட்டர் தூரத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பிசகும். இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கி, கிளம்பும் நேரத்தோடு கணிப்பான் சொன்ன நேரத்தைக் கூட்டித் திட்டம் போட்ட எனக்கு, அந்த 20 நிமிடத்தில்தான் அடுத்த விமானம் போய்விட்டது (என் முட்டாள்தனமும் அதில் பாதி, ஒத்துக்கொள்கிறேன்).

பசிபிக் தீவு நாடான சமோவாவிலிருந்து பக்கத்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர். முக்கால் மணி நேரம்கூட ஆகாது, ஆனால் திங்கள் காலை ஏறினால் ஞாயிறு காலை இறங்குவீர்கள். 2011 கடைசியில் சமோவா சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டதன் விளைவு இது. அறை முன்பதிவு செய்கிறவருக்கு நிமிடத்தைவிட இந்தத் தேதிதான் முக்கியம், அதை நீங்கள் சொல்வதில்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இதில்தான்: தெற்கு அட்லாண்டிக் தீவான செயின்ட் ஹெலினாவிலிருந்து அதே கடலின் ஃபாக்லாந்து தீவுகளுக்குச் சுமார் 6,100 கிலோமீட்டர், 8 மணி நேரம் சொச்சம் என்று கூசாமல் காட்டுகிறீர்கள். நேரடி விமானமே கிடையாது! செயின்ட் ஹெலினாவின் வழக்கமான சேவை தென்னாப்பிரிக்காவுக்கு, அதாவது போக வேண்டியது தென்மேற்கு, முதலில் பறப்பது கிழக்கே. நாள் கணக்கில் ஆகும் பயணம் அது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நேரடி விமானம் இல்லையென்றால் அதை முதல் வரியில் சொல்லுங்கள், நேரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இருந்தால் எந்த வகை விமானம், இறங்கும் ஊரில் என்ன தேதி என்பதையும் சேருங்கள். அதுவும் முடியாதென்றால் நேரத்தை எடுத்துவிட்டுத் தூரத்தை மட்டும் காட்டுங்கள், அதையாவது நம்புகிறோம்.