டேட்டாஃபெஸ்டுக்குப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

(இருபது வயதாகிவிட்டது, இன்னும் பாப்பாவா என்று கேட்காதே. நாற்பதானாலும் நீ எனக்கு அப்படித்தான்.)

உங்கள் பல்கலைக்கழகத்து டேட்டாஃபெஸ்டுக்கு, அதாவது ஒரு வார இறுதிக்குள் பெரிய தரவை அலசும் மாணவர் போட்டிக்கு, ஐந்து பேராகப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று அக்கா சொன்னாள். "புதுசா ஏதோ மாடல் கத்துக்கணும்னு ராத்திரியெல்லாம் முழிச்சிட்டிருக்கா" என்று கூடவே ஒரு புலம்பல். அந்தக் கணிப்பு மாடலை விடு, தூங்கு. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2011-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், யு.சி.எல்.ஏ. புள்ளியியல் துறையில் ராபர்ட் கூல்டு இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் சுமார் முப்பது மாணவர்கள். கையில் கொடுத்தது அந்த ஊர் போலீஸின் கைதுப் பதிவுகள். அப்புறம் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஆதரவு கொடுக்க, பல கல்லூரிகளுக்குப் பரவிவிட்டது. 2012-இல் சிறுகடன் தளமான கீவா, 2016-இல் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர், 2017-இல் பயண முன்பதிவுத் தளமான எக்ஸ்பீடியா என்று வருடத்துக்கு ஒரு தரவு. என்ன தரவு என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நடுவர் முன்னால் நிற்க வேண்டும்.

இணையத்தில் தரவுப் போட்டிகள் நடத்தும் கேகிளில் விளையாடிப் பழகியவள் நீ. அங்கே விடை ஏற்கெனவே எங்கோ பூட்டி வைக்கப்பட்டிருக்கும், யார் கிட்டப் போகிறார்கள் என்பதுதான் பந்தயம். இங்கே கேள்வியையே நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

2019-ஐ எடுத்துக்கொள். கனடா பெண்கள் ரக்பி அணியின் தரவு. எவ்வளவு தூங்கினேன், உடம்பு எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு களைப்பு என்று வீராங்கனைகளே எண் போட்டிருந்தார்கள். பயிற்சிச் சுமை, ஆட்ட முடிவுகள், ஜிபிஎஸ் பதிவுகள் எல்லாம் தனித்தனிக் கோப்புகள். களைப்பு ஆட்டத்தைப் பாதிக்கிறதா என்பதுதான் விஷயம். படித்தவுடன் ரிக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்ற கணக்கு) போடக் கை பரபரக்கும், இல்லையா? ஆனால் ஒருத்தி போடும் 3-ம் இன்னொருத்தி போடும் 3-ம் ஒன்றா? நம் பாட்டி காய்ச்சலில் கிடந்தபோதும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். உன் அம்மாவுக்குத் தும்மல் வந்தாலே பத்துக்குப் பத்து. அதனால் ஒவ்வொருத்தியையும் அவளுடைய வழக்கமான எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். இது புரிந்த பிறகு ஒரு சாதாரணக் கோட்டுப் படமே நிறையப் பேசும். அவர்கள் கொடுக்காத தரவை வெளியிலிருந்து தேடிச் சேர்ப்பதற்குத் தனிப் பரிசு உண்டே, அதற்கும் இதே மாதிரி யோசி. அந்த அணி பயிற்சி எடுப்பது கனடாவின் மேற்குக் கரையில். டிசம்பரில் துபாய்க்குப் போய் ஆடினால் 12 மணி நேர வித்தியாசம், பகல் அப்படியே ராத்திரியாகிவிடும். தூக்கத்துக்கு அவர்கள் போட்ட எண்ணை இதை வைத்துக்கொண்டு மறுபடி பார்.

என் மானம் போன கதையையும் கேள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனைக் கோப்பில் நோயாளிகளின் சராசரி வயதைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். 81 வந்தது. "என்ன தம்பி, இது முதியோர் இல்லமா?" என்றார் மேலாளர். வயது தெரியாதவர்களுக்கெல்லாம் 999 என்று போட்டு வைத்திருந்தார்கள். முதல் ஐம்பது வரிகளைக் கண்ணால் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதற்குள் நான் மூன்று கிராஃப் வரைந்து கலர் வேறு கொடுத்துவிட்டிருந்தேன்.

அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு வரி புரோகிராமும் எழுதாதீர்கள். ஐந்து பேரும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷமும் இரண்டு ஸ்லைடும்தான். இருபது கிராஃப் வரைந்தாலும் பதினெட்டைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். எதைப் போடுவது என்று அங்கேதான் சண்டை வரும். வரட்டும், ஆனால் சனிக்கிழமையே போட்டு முடித்துவிடுங்கள்.

அந்த இரண்டு நாளும் போன் எடுக்க மாட்டாய் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இல்லையென்றால் என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

அன்புடன்,
மாமா