நீ சொல்வது சரிதான், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

டீமில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து நீ எழுதிய கோட் ரிவியூ கமெண்டுகளை அனுப்பியிருந்தாய், வாசித்தேன். (அலுவலகத்து உள்விஷயத்தை இப்படி வெளியாளுக்கு அனுப்புவதே தப்பு. இனிமேல் செய்யாதே.) நீ காட்டிய பிழைகள் எல்லாம் பிழைகள்தான். ஆனாலும் டீமில் யாரும் உன்னிடம் ரிவியூவுக்கு வருவதில்லை என்கிறாய். "நான் நேராகப் பேசுகிறேன், அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது உன் விளக்கம். என்னைக் கேட்டால், நீ நேராகவே பேசவில்லை.

"இதைக்கூட யோசிக்க மாட்டீர்களா?" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். இதில் என்ன தகவல் இருக்கிறது? எந்த வரி, எப்போது உடையும், என்ன செய்யவேண்டும், ஒன்றுமே இல்லை. உனக்கு எரிச்சல் என்பது மட்டும் தெரிகிறது. "இந்தப் பட்டியல் காலியாக வந்தால் இந்த வரியில் புரோகிராம் நின்றுவிடும். மேலேயே ஒரு சோதனை போட்டுவிடலாமா?" என்று எழுதியிருந்தால், அவர் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. இரண்டாவது கமெண்டில்தான் விஷயம் இருக்கிறது.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. புரோகிராம் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் கடவுச்சொல் அப்படியே பதிவாகிறது என்று நீ கண்டுபிடித்தது பெரிய விஷயம். அதை எங்கே வைத்திருக்கிறாய்? மாறியின் (variable) பெயர் சரியில்லை, இங்கே ஒரு காலி வரி அதிகம் என்கிற புகார்களுக்கு நடுவில், அதே குரலில். வாசிக்கிறவர் சலித்துப்போய் அதையும் தாண்டிப் போயிருப்பார். "இதைத் திருத்தாமல் மெர்ஜ் செய்யக்கூடாது" (அதாவது, பொதுப் புரோகிராமில் சேர்க்கக்கூடாது) அல்லது "இது என் ரசனை, விருப்பமிருந்தால் மாற்றுங்கள்" என்று ஒவ்வொன்றின் முன்னாலும் குறித்துவிடு. காலி வரி, அடைப்புக்குறி எல்லாம் ஃபார்மேட்டர் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்காக மனிதரோடு மல்லுக்கு நிற்காதே.

திறமை இருந்தால் எப்படியும் பேசலாம் என்பவர்கள் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைக் காட்டுவார்கள். நீயும் காட்டுவாய், தெரியும். 2018 செப்டம்பரில் அவரே தன் ஈமெயில்களின் கடுமைக்கு மன்னிப்புக் கேட்டு, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் வேலையிலிருந்து சில வாரம் ஒதுங்கினார். லினக்ஸ் கெர்னலுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்ததும் அப்போதுதான்.

அதற்காக மழுப்பவும் வேண்டாம். ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற ராக்கெட் பொறியாளர் 1985 ஜூலை 31-ல் தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் சிக்கலை உடனே கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் ஆகும் என்று அதில் பச்சையாகவே சொன்னார். சாலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தின இரவும், இந்தக் குளிரில் வேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் தடுத்துப் பார்த்தார்கள். மேலிடம் கேட்கவில்லை. 1986 ஜனவரி 28-ல் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். தெளிவாக எழுதினால் கேட்டுவிடுவார்கள் என்று உறுதி கிடையாது. ஆனால் அந்தக் குறிப்பை வாசித்த யாரும் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லமுடியாது.

டெட்லைன் பற்றியும் கேட்டிருந்தாய். வெள்ளிக்கிழமை முடியாது என்று செவ்வாயே தெரிந்தால் செவ்வாயே சொல்லிவிடு. எது முடியும், எது தள்ளிப்போகும், எத்தனை நாள். அவ்வளவு போதும். காரணத்தை மேனேஜர் கேட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, இப்போதைக்கு அந்தக் கடவுச்சொல் விஷயத்தைப் பார். அந்தப் புரோகிராமை எழுதியவரிடம் நேரில் போய், அதை மட்டும் பேசு. காலி வரி கமெண்டுகளை நீயே அழித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்