இரவு வெப்பநிலைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களில் வெப்பம் இனி எப்படி இருக்கும், உடம்பு அதை எப்படித் தாங்கும் என்று உங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 45 டிகிரி, 50 டிகிரி என்று பகல் உச்சத்தைப் பற்றியே பேச்சு. படமும் கானல் பறக்கிற தார்ச்சாலை. இரவு என்று ஒன்று இருப்பதே கட்டுரையாளருக்கு ஞாபகம் வரவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 ஜூன் கடைசியில் வந்த வெப்ப அலையை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது உலகம் முழுக்கச் செய்தியானது. அந்த மாகாணத்தில் வெப்பத்தால் இறந்த 619 பேரைப் பற்றி அரசு விசாரித்தபோது தெரிந்தது வேறு. அவர்களில் 98 சதவீதம் பேருக்குக் கட்டடத்துக்குள்ளேதான் உடல்நிலை மோசமாகியிருக்கிறது, பெரும்பாலும் சொந்த வீட்டில். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வசித்தவர்கள்.

1995 ஜூலையில் சிகாகோவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்த 739 பேரின் கதையும் இதேதான்: முதியவர்கள், தனிமை, மொட்டைமாடிக்குக் கீழே உள்ள தளம், திருட்டுப் பயத்தால் சாத்திய ஜன்னல். பாரிஸில் 2003 ஆகஸ்டில் ஓர் இரவு வெப்பநிலை 25.5 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்கு அடியில் இருந்த சின்னஞ்சிறு அறைகள் அன்று என்ன பாடு பட்டிருக்கும்! பிரான்ஸில் மட்டும் அந்த மாதம் ஏறத்தாழ 15,000 பேர் போனார்கள்.

25 டிகிரி என்ன பெரிய சூடு என்று கேட்கத் தோன்றும். அது வெளியே இருக்கிற வெப்பமானியின் கணக்கு. பகலெல்லாம் சூடேறிய அறைக்குள் அதைவிட அதிகம். வெப்பத்தில் உடம்பு தோலுக்கு ரத்தத்தை அனுப்பி, வியர்த்து, சூட்டைத் தள்ளுகிறது. அதற்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது, நீர் குறையக் குறையச் சிறுநீரகம் திணறுகிறது. இரவு குளிர்ந்தால் இரண்டும் ஓய்வெடுக்கும். குளிராவிட்டால் நேற்றைய களைப்போடுதான் இன்றைய வெயிலைச் சந்திக்க வேண்டும். அதனால்தான் வெப்ப அலையின் முதல் நாளைவிட மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆபத்தானது. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் மந்தம். ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் தருகிற சில மருந்துகள் வியர்வையையும் நீர்ச்சமநிலையையும் குலைத்துவிடும்.

நான் மருத்துவன் இல்லை. கட்டட வேலையில் ஆயுளைக் கழித்தவன். காங்கிரீட் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். பகலில் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். தெரு குறுகி, இருபுறமும் உயரமான சுவர் நின்றால் அந்தச் சூடு வானத்துக்குப் போக வழியில்லாமல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும். மண்ணும் மரமும் இல்லாத இடத்தில் நீர் ஆவியாகித் தணிக்கிற வேலையும் நடக்காது. லண்டனின் வெப்பநிலையை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்த லூக் ஹோவர்டு, நகரத்துக்கும் சுற்றுப்புறக் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம் இரவில்தான் தெரிகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். இருநூறு வருஷம் கழித்தும் நாம் மத்தியான எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, எதிர்காலத்துக்கு வருவோம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து உலகின் நிலப்பரப்பில் பகலைவிட இரவுகள்தான் வேகமாகச் சூடாகியிருக்கின்றன. 2050இல் உலக மக்களில் 68 சதவீதம் பேர் நகரங்களில் இருப்பார்கள் என்பது ஐ.நா.வின் 2018ஆம் ஆண்டுக் கணிப்பு. 65 வயதைத் தாண்டியவர்கள் 160 கோடியாக, அதாவது இன்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருப்பார்கள். சூடான இரவு, நெருக்கமான நகரம், தனித்திருக்கும் முதுமை மூன்றும் ஒரே வீட்டில் வந்து சேரப்போகின்றன.

கட்டுரை ஏ.சி.யை ஒரு வரியில் தீர்வாகச் சொல்லி நகர்ந்துவிட்டது. உயிர் காக்கும் சாதனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது உள்ளே எடுக்கிற சூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமாகத்தானே தள்ளுகிறது? அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஏ.சி. வெளியேற்றும் வெப்பமே சில இடங்களில் இரவு வெப்பநிலையை 1 டிகிரிக்கு மேல் கூட்டுவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2050க்குள் உலகில் 560 கோடி ஏ.சி.கள் இருக்கும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் மதிப்பிட்டது. அத்தனையும் ஒரே இரவில் ஓடும்போது மின்சாரம் போனால்? அதே ஃபீனிக்ஸில் வெப்ப அலையின் நடுவே மின்தடை வந்தால் நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அவசர சிகிச்சை தேவைப்படலாம் என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

இன்னொன்று. "மதியம் வெளியே போகாதீர்கள்" என்று பெட்டிச் செய்தியில் போட்டிருந்தீர்கள். வெயிலில் வேலை செய்கிறவருக்கு அது முடியாது. மேல்தளத்தில் அடைந்து கிடக்கிறவருக்கோ வீடுதான் அடுப்பு. ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை உலராது என்பதையும் பெட்டி சொல்லவில்லை. 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி சூட்டுக் காற்றையே உடம்பில் வீசும் என்ற எச்சரிக்கையும் அதில் இல்லை.

பிரான்ஸ் 2003இல் பட்ட அடிக்குப் பிறகு எச்சரிக்கை முறையையே மாற்றியது. மூன்று நாள் பகல் உச்சத்தின் சராசரி ஓர் எண், மூன்று இரவுகளின் குறைந்தபட்ச வெப்பநிலையின் சராசரி இன்னோர் எண். இரண்டும் எல்லையைத் தாண்ட வேண்டும். பாரிஸுக்கு அந்த எல்லை பகலில் 31, இரவில் 21. அந்த ஊர் உடம்புக்கு ஏற்ற எண் அது, அப்படியே எடுத்து எல்லா ஊருக்கும் ஒட்ட முடியாது. அகமதாபாத்தில் 2010 மே மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த பிறகு, 2013இல் அந்த நகரம் தனக்கென ஒரு வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த 1,344 என்ற எண்ணும் பழைய ஆண்டுகளின் இறப்புகளோடு ஒப்பிட்டதால்தான் தெரியவந்தது. இறப்புச் சான்றிதழ்களில் வெப்பம் என்று எழுதுவது அபூர்வம். மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. வானிலைப் பெட்டியில் அதிகபட்ச வெப்பநிலையை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, அதே அளவில் இரவின் குறைந்தபட்சத்தையும் ஈரப்பதத்தையும் போடுங்கள். தொடர்ந்து எத்தனையாவது சூடான இரவு இது என்பதையும் பக்கத்தில் குறிப்பிட்டால், தனியாக இருக்கும் பெற்றோருக்கு என்றைக்குப் போன் செய்ய வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இடம் போதவில்லை என்றால் குறுக்கெழுத்துப் புதிரில் நாலு கட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதை நிரப்புகிற நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்