கீழ்ப்பாதிப் படகுகளைக் கவனிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிங்கி எனப்படும் சிறு பாய்மரப் படகுகளின் கிளாஸ் (ஒரே வகைப் படகு வைத்திருப்பவர்களின் சங்கம்) நடத்தும் போட்டிகளுக்குப் படகுகள் வருவது குறைந்துகொண்டே போகிறது என்ற கவலை கிளாஸ் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுகிறது. உடனே நுழைவுக் கட்டணத்தைக் குறைக்கலாமா, பரிசைப் பெரிதாக்கலாமா என்று பேச்சு போகிறது. பரிசு வாங்குகிறவர்கள் எப்படியும் வருவார்கள். நின்றுபோவது முடிவுப் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருப்பவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் ஸ்டார்ட் கோடே பாதி காலியாகிவிடும்.

தண்ணீரில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். முதலில் முடித்தவர் பாயைத் தளர்த்திவிட்டு, தண்ணீர் குடித்து, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியாக வருகிறவர் கோட்டைத் தாண்டிய கையோடு அடுத்த ரேஸுக்கான 5 நிமிட எச்சரிக்கை ஒலி வந்துவிடும். யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை. பலத்த காற்றில் படகுக்கு வெளியே உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத் தொடை மரத்துப்போய், நான்காவது ரேஸுக்கு நிற்காமல் கரைக்குத் திரும்புவார். அடுத்த போட்டிக்கு அவர் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதும் இல்லை. கடைசிப் படகு முடித்த பிறகு ரேஸ் கமிட்டி பத்து நிமிடம் பொறுத்தால் போதும். ஒரு நாளைக்கு நான்கு ரேஸ் என்பது மூன்றாகக் குறைந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஆண்டுத் தரவரிசை. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2 என்று போகும் முறையில் குறைந்த புள்ளிக்காரர்தான் ஜெயிப்பார். 30 படகுகள் பதிவான தொடரில் ஒரு ரேஸுக்கு வராதவர் தலையில் 31 விழும். ஆண்டில் நடக்கும் எல்லாப் போட்டிகளையும் கணக்கில் எடுத்தால், வீட்டு விசேஷத்துக்காக ஒன்றைத் தவறவிட்டவருக்கு மற்றவற்றுக்கு வரும் ஆர்வமே போய்விடும். ஆறு போட்டிகளில் சிறந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர் ஆண்டு முழுவதும் களத்தில் இருப்பார்.

படகு இருந்தும் வராதவர்களும் உண்டு. 420 போன்ற, இருவர் ஓட்டும் படகில் துணைக்கு ஓர் ஆள் கிடைக்காமல் படகு உறைக்குள்ளேயே கிடக்கும். துணை தேடுகிறவர்களின் பட்டியல் ஒன்றைக் கிளாஸ் செயலாளர் வைத்திருந்தால் இது பெருமளவு தீரும். ஒருவர் மட்டும் ஓட்டும் லேசரில், அதாவது இன்றைய இல்காவில், வேறு வழி இருக்கிறது. ஒரே படகு உடலில் 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்களைப் பொருத்தலாம். அப்பா ஓட்டும் படகையே, கீழ்ப் பாய்மரத்தையும் பாயையும் மாற்றி மகளும் ஓட்டலாம். இருவரும் ஒரே நாளில் போட்டியிட, கிளாஸ் ஒரு படகை இரவல் கொடுத்தால் குடும்பமே வரும்.

மாலையில் கரையில் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். ஜெயித்தவர் புதியவரின் படகருகே வந்து நின்று, வாங் கயிற்றை (பாயின் அடிக்கட்டையைக் கீழே இழுத்துப் பிடிப்பது) எவ்வளவு இழுக்க வேண்டும், கன்னிங்ஹாமை (பாயின் முன்விளிம்பை இறுக்கும் கயிறு) எப்போது தளர்த்த வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினால், அந்தக் கால் மணி நேரத்துக்காகவே அவர் மறுபடி டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்புவார். பொது அறிவிப்பை மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காமல், சென்ற ஆண்டு வந்து இந்த ஆண்டு வராதவர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போட்டுக் கூப்பிட வேண்டும்.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். முடிவுகளை வெளியிடும்போது முதல் மூவரோடு நிறுத்திவிடாமல், கடைசிப் படகு வரை எல்லாப் பெயர்களையும் போடுங்கள்.

அன்புடன்,
டிங்கி ஓட்டும் வாசகர் ஒருவர்