இங்கே பெல்டேன், அங்கே சௌவின்

நேவன், மீத் மாவட்டம்
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைட் டூட்டி முடிந்து வந்து உன் மெசேஜைப் படித்தேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடுகிற விஷயமாக இது இல்லை. அதனால் காபியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெல்போர்னில் நீ சேர்ந்திருக்கும், பழைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றும் அந்தப் பேகன் குழுவில் இரண்டு கட்சி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இறந்தவர்களை நினைக்கும் சௌவின் என்றால் அக்டோபர் 31, உலகத்தில் எங்கே இருந்தாலும் அந்த இரவுதான் என்கிறது ஒரு கட்சி. தென்கோளத்தில் பருவம் தலைகீழாக ஓடுகிறது, அதனால் சௌவினை ஏப்ரல் 30 இரவுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது இன்னொன்று. நீ அயர்லாந்தில் வளர்ந்தவள். அக்டோபர் கடைசி என்றாலே உனக்கு இருட்டும் புகை வாசமும் பார்ம்ப்ராக் ரொட்டிக்குள் மோதிரம் தேடியதும்தான் ஞாபகம் வரும். அதை ஏப்ரலுக்கு நகர்த்துவது துரோகம் மாதிரி இருக்கிறது என்கிறாய்.

நகர்த்திவிடு, கண்ணு. இந்த வியாழனோ வெள்ளியோ உனக்கு எது வசதியோ அந்த இரவில் சௌவினை வைத்துக்கொள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். அங்கே பகலுக்கும் இரவுக்கும் வருஷம் முழுக்கப் பெரிய வித்தியாசம் கிடையாது. மார்கழியில் கொஞ்சம் சீக்கிரம் இருட்டும், அவ்வளவுதான். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம், ஜூனில் பதினேழு மணி நேரம். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. இந்த ஊர்க்காரர்கள் வெளிச்சம் போவதற்கும் வருவதற்கும் ஏன் நாள் குறித்து நெருப்பு மூட்டினார்கள் என்பதை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை, அந்தக் குளிர்காலம் சொல்லித்தந்தது.

பழைய அயர்லாந்து ஆண்டை நான்காக வகுத்தது. பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா, நவம்பர் 1 சௌவின், அது முந்தின இரவே தொடங்கிவிடும். நான்கும் மாட்டையும் பயிரையும் வைத்து வந்தவை. மே மாதம் மாடுகள் கோடை மேய்ச்சலுக்குப் போகும். போகும் முன் இரண்டு தீக்கு நடுவே அவற்றை ஓட்டுவார்கள். சௌவினில் மாடு திரும்பிவிடும், அறுவடை முடிந்திருக்கும், குளிர்காலத்துக்குத் தீனி கொடுத்து எத்தனை உருப்படியைக் காப்பாற்ற முடியும் என்று கணக்குப் பார்க்கும் நேரம். முடிவுகளும் சாவும் அந்த நேரத்தில் இயல்பாகவே நினைவுக்கு வரும். அதனால்தான் இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் இரவாக அது ஆனது. அக்டோபர் 31 என்ற எண்ணுக்கு இதில் என்ன சம்பந்தம்? மீத் மண்ணில் அந்தச் சமயத்தில் நடப்பதை அந்தத் தேதி குறிக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்தத் தேதியும் ஒரு முறை நகர்ந்திருக்கிறது. 1752-இல் காலண்டரை மாற்றியபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 11 நாட்களை எடுத்துவிட்டார்கள். பழைய மே முதல் தேதி இன்றைய கணக்கில் மே 12 வாக்கில் வரும். நம் வீட்டுப் பின்வேலியில் இருக்கும் ஹாதோர்ன் உனக்கு ஞாபகம் இருக்கும். பெல்டேனுக்கு வாசலில் கட்டும் பூ அதுதான். இன்றைக்குப் பார்த்தேன், மொட்டுதான். மே 1-க்குள் அது பூப்பதும் உண்டு, பூக்காததும் உண்டு. பூத்த பிறகு பெல்டேன் வைத்துக்கொள்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் செய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம் பொங்கலும் இப்படி நகர்ந்ததுதானே. உத்தராயணம் என்று தை முதல் நாளைச் சொல்கிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் மெல்ல மெல்ல விலகிவிட்டது. அதனால் பொங்கல் பொய்யாகிவிடவில்லை. வானம் விட்டாலும் நெல் அதைப் பிடித்துக்கொண்டது.

எட்டுப் பண்டிகைச் சக்கரம் ஆதிகாலம் தொட்டு அப்படியே வருகிறது என்று உன் குழுவில் யாராவது அடித்துப் பேசினால், சண்டை போடாதே, ஆனால் உண்மையைத் தெரிந்து வைத்துக்கொள். நான்கு ஐரிஷ் நாட்களையும், சூரியன் வடக்கேயும் தெற்கேயும் திரும்பும் இரண்டு நாட்களையும், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாட்களையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950-களின் இங்கிலாந்து. விக்கா என்ற புதிய பேகன் வழியை வெளியே கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னரும், பழைய கெல்ட் பூசாரிகளின் பெயரைச் சொல்லும் ட்ரூயிட் வழியில் இருந்த ராஸ் நிக்கல்ஸும் அதில் முக்கியமானவர்கள். செப்டம்பர் நாளுக்கு 'மேபன்' என்ற பெயர் 1970-களில் வைத்தது. இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு அந்தச் சக்கரத்தின் மேல் மதிப்புக் குறையவில்லை. மின்விளக்கு வந்த பிறகும் மனிதர்களுக்கு இது வேண்டியிருந்தது, உட்கார்ந்து யோசித்துச் செய்துகொண்டார்கள் என்று நினைத்தால் நெருக்கமாகத்தான் இருக்கிறது. நேற்று கோத்த மாலையை நீ உன் ஊருக்கு ஏற்ற மாதிரி திருப்பிப் போடுவதில் எந்தத் தெய்வக் குற்றமும் இல்லை.

பழமை வேண்டும் என்றால் இங்கே மீத்திலேயே நியூகிரேஞ்ச் கல்லறை மேடு இருக்கிறது. சின்ன வயதில் பள்ளியில் கூட்டிப்போனதாகத்தான் அது உன் மனதில் நிற்கும். கி.மு. 3200 வாக்கில் கட்டியது. எகிப்துப் பிரமிடுகளை விடப் பழையது, கெல்ட் மொழிகள் இந்தத் தீவுக்கு வருவதற்கு வெகு காலம் முந்தியது. 19 மீட்டர் நீளமான ஒடுங்கிய கல்வழி, உள்ளே ஓர் அறை, வாசலுக்கு மேலே ஒரு சின்னத் திறப்பு. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில காலைகளில் சூரியன் எழுந்த சில நிமிடங்களில் அந்தத் திறப்பு வழியாக ஒரு கோடு வெளிச்சம் உள்ளே போய், அறைத் தரையில் ஏறக்குறைய 17 நிமிடம் நிற்கும். ஊர்க்காரர்கள் காலங்காலமாக இதைப்போல ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். மைக்கேல் ஓ'கெல்லி என்ற தொல்லியல் ஆய்வாளர் 1967 டிசம்பர் 21 காலையில் உள்ளே போய் நின்று நேரில் பார்த்தார்.

உள்ளே போகக் குலுக்கல் சீட்டு. எனக்கு விழுந்ததே இல்லை. ஆனால் வெளியே நிற்க யாரும் தடுக்க மாட்டார்கள். நைட் டூட்டி விட்டு நேரே அங்கே போய்விடுவேன். பெரும்பாலும் மேகம்தான். சூரியன் தெரியாது என்று வானிலை அறிக்கை சொன்ன நாளிலும் கூட்டம் வரும். கம்பளித் தொப்பியோடு கிழவர்கள், கைக்குழந்தையைச் சுற்றிக்கொண்டு பெண்கள். மேளம் கொண்டு வருபவரும் உண்டு. எட்டே முக்காலுக்கு மேல் பேச்சுச் சத்தம் தானாக அடங்கும். அந்தக் கல்லை அடுக்கியவர்களிடம் இரும்பு இல்லை, செம்பும் இல்லை. அவர்களில் பலர் அது முடியும் முன்பே செத்திருப்பார்கள். இருட்டின் அடியில் நின்றுகொண்டு, வெளிச்சம் திரும்பி வரும் என்பதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போய் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. அந்த வருஷம் என் வார்டில் போனவர்களை ஒவ்வொருவராக நினைப்பேன். பகலில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். மே முதல் வாரத்தில் உன் தெருவில் எல்ம் மரங்கள் மஞ்சளாகி உதிரும். வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் நட்ட மரம், அதற்கு நம் ஊர் நவம்பர் இன்னும் மறக்கவில்லை. பக்கத்திலேயே நிற்கும் யூகலிப்டஸ் இலையுதிர்காலத்தைக் கண்டுகொள்ளாது, கோடையில்தான் பட்டையை உரித்துப் போடும். இரண்டையும் பார். அந்த மண்ணுக்கே உரிய குலின் மக்கள் ஆண்டை ஏழு பருவமாகச் சொல்கிறார்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நீள்கிற குளிர்ப் பருவம் வாரிங், வாம்பாட் வெளியே வரும் காலம். அதற்கு முன் மார்ச்சில் விலாங்கு மீன் பருவம். மெல்போர்ன் மியூசியத்தில் இதைக் காட்டுகிறார்கள் என்றாய் அல்லவா, இன்னொரு முறை போய் நிதானமாகப் பார்த்துவிட்டு வா. அவர்களுடைய சடங்கை எடுத்துச் செய்யாதே, அது நமக்கானது இல்லை. ஆனால் எந்தப் பறவை, எந்தப் பூ எப்போது என்று அவர்கள் கவனித்து வைத்திருப்பதைக் கற்றுக்கொள்ளலாம், மரியாதையோடு.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே நெருப்பு என்றால் ஈரத்துக்கும் குளிருக்கும் எதிரான துணை. அங்கே லூனசா பிப்ரவரி தொடக்கத்தில் வரும். 2009 பிப்ரவரி 7-இல் விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அந்த மாதத்தில், அந்த மண்ணில் நெருப்பு மூட்டி ஆடுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒரு குடம் தண்ணீர் வைத்துக் கும்பிடுங்கள், போதும். பண்டிகையை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனால் இதைத்தான் கவனிக்க வேண்டும். நிற்கிற மண் எதைக் கேட்கிறதோ அதைக் கொடு.

அப்புறம், பாட்டி.

நீ எழுதவில்லை, ஆனால் சௌவினை எப்போது வைப்பது என்று நீ இவ்வளவு தவிப்பது பாட்டிக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். போன ஆவணியில் உன்னால் ஊருக்குப் போக முடியவில்லை. லீவும் கிடைக்கவில்லை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை. திதியை மாமா கொடுப்பார், அது ஊரில் முறைப்படி நடக்கும். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இந்த இரவு உன்னுடையது. இங்கே பழைய வீடுகளில் அன்றைக்கு அடுப்பை அணைக்காமல், கதவைத் தாழ் போடாமல், மேஜையில் ஓர் இடம் விட்டு வைப்பார்கள். ஆடி அமாவாசைக்குப் பாட்டி காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, அது வந்து எடுக்கும் வரை யாரையும் சாப்பிட விடமாட்டாளே, அந்தப் பேத்திக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தட்டு போடு. பாட்டியோடு பேச வேண்டியதைத் தமிழில், வாய்விட்டுப் பேசு. கோபம் இருந்தால் அதையும் சொல். அன்றிரவு போனை அணைத்து வை.

இப்படிச் செய்வது நம் சாமியை விட்டு விலகுவதா என்று ஒருமுறை கேட்டாய். பிப்ரவரி முதல் தேதி நான் கோரைப்புல்லில் பிரிஜிட் சிலுவை பின்னுகிறேன். பிரிஜிட் வைத்தியத்துக்கும் கவிதைக்கும் கொல்லுவேலைக்கும் உரிய பழைய ஐரிஷ் தெய்வம். பிறகு அதே பெயரில் கில்டேரில் ஒரு புனிதை. அந்த ஊரில் அவள் பெயரால் எரிந்து அணைந்த தீயை 1993-இல் கன்னியாஸ்திரிகள் மறுபடி ஏற்றினார்கள். அந்தச் சிலுவை என் பூஜை அலமாரிக்கு மேலே தொங்குகிறது. மாரியம்மன் படத்துக்கும் அதற்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உனக்கும் எனக்கும் தலைகீழ் கிடையாது. நிலவு. நான் சௌவினில் இருக்கும்போது நீ பெல்டேனில், நீ ஜூனில் குளிரில் நடுங்கும்போது எனக்கு இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். ஆனால் பௌர்ணமி இருவருக்கும் ஒரே கணம், அமாவாசையும் அப்படியே. உருவம்தான் வேறு. வளர்பிறை இங்கே வலப்பக்கம் ஒளிரும், உனக்கு இடப்பக்கம். தஞ்சாவூரில் அதே பிறை சாய்ந்து கிடக்கும், சிவன் தலையில் இருப்பது போலவே. ஜூன் பௌர்ணமி இங்கே கூரைக்கு மேல் ஏறாது, உனக்கு உச்சியில் நிற்கும்.

பௌர்ணமி அன்று நோயாளிகள் படுத்துவார்கள் என்று எங்கள் வார்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆராய்ந்து பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றும் நிலையாகத் தட்டுப்படவில்லை. நிலவு என்னை ஏதாவது செய்கிறது என்று நானும் நம்பவில்லை. அது 29, 30 நாளைக்கு ஒரு முறை தவறாமல் வந்து நிற்கிறது, அதனால் நானும் ஒரு முறை நின்று பார்க்கிறேன். இந்த மாதம் யாரிடம் கடுமையாகப் பேசினேன், எதைத் தள்ளிப்போட்டேன், யாருக்கு நன்றி சொல்லவில்லை என்று. அமாவாசைக்கு அதில் ஒன்றை விடுவேன். விட்டதை யாரிடமும் சொல்வதில்லை. உன் குழுவில் பௌர்ணமிக்குக் கூடும்போது மந்திரமும் வட்டமும் இருக்கும், நல்லது. அது முடிந்து தனியாகப் பத்து நிமிடம் உட்கார்.

உனக்குப் பௌர்ணமி நிலவு எழும் நேரம், உங்கள் குளிர் மாதங்களில், இங்கே காலை எட்டு எட்டரை. நான் டூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். இனி பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்போது கூப்பிடு. நீ பார்த்து முடித்த நிலவு அரை நாள் கழித்து எனக்கு வரும்.

பாட்டி தட்டில் என்ன வைப்பது என்று யோசித்து வை. சுண்டைக்காய் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் இல்லாமல் அவள் வரமாட்டாள். வற்றல் டான்டினாங் கடைகளில் கிடைக்கும். புளியை முந்தின இரவே ஊறப்போடு, நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணாதே. என்ன செய்தாய், எப்படி வந்தது என்று எழுது.

அன்புடன்,
அம்மா