2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நமது குடியிருப்போர் நலச் சங்கக் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள், மழைநீர் வடிகால் தூர்வாரியது, தெருவிளக்குப் புகார்கள் ஆகியவை அவ்வப்போது சுற்றறிக்கைகளில் வந்துவிட்டன. பொதுக்குழு இன்று முடிவெடுக்க வேண்டியது, தை மாதக் கடைசி ஞாயிறான பிப்ரவரி 9 அன்று நாம் மேற்கொண்ட கோவளம் குடும்பச் சுற்றுலாவைப் பற்றித்தான். (கேரளத்துக் கோவளம் என்றெண்ணி ரயில் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தவர்களும் உண்டு; நாம் சென்றது கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டைத் தாண்டியுள்ள மீனவர் கிராமம்.)

கைக்கெட்டும் தொலைவில் மெரினா இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்தது. மெரினாவில் கரையை விட்டிறங்கியதும் ஆழம் சட்டென்று கூடிவிடுவதாலும் நீரின் இழுப்பு வலுவாக இருப்பதாலும் கடலில் குளிக்கக் காவல்துறை அனுமதிப்பதில்லை. கோவளமோ, நீரின் தூய்மை, பாதுகாப்பு முதலிய 33 அளவுகோல்களின்படி வழங்கப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றிதழை 2021ஆம் ஆண்டிலேயே, தமிழ்நாட்டில் முதலாவதாகப் பெற்ற கடற்கரை. கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இருப்பது பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை உடன் வந்தவர்கள் அறிவார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் சற்று அடங்கியிருக்கும் என்பதாலேயே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

காலை ஐந்தரைக்கு வர வேண்டிய வேன் ஏழு மணிக்கு வந்து சேர்ந்தது. ஆகவே, மணல் குளிர்ந்திருக்கும் நேரத்தில் முதியவர்களை நடக்க வைக்கலாம் என்ற நமது திட்டம் பாழாயிற்று. பதினொரு மணிக்குள் அவர்கள் நிழல் தேடி ஒதுங்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு அந்தக் குறை தெரியவில்லை. நண்டு வளைகளைத் தோண்டுவதிலும், ஈர மணலில் கட்டிய கோட்டையை அலை கரைக்கக் கரைக்க மீண்டும் எழுப்புவதிலும் அவர்கள் புளியோதரையையே மறந்துபோனார்கள்.

கரையோரம் ஒரு பங்குனி ஆமை இறந்து ஒதுங்கிக் கிடந்தது. ஜனவரி மாதத்தில் சென்னைக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் இறந்து ஒதுங்கிய செய்தியை நாளிதழ்களில் படித்திருந்தும், நேரில் கண்டபோது பெரியவர்களும் பேச்சற்றுப் போனோம். நீரில் வாழ்ந்தாலும் ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் என்பதையும், வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத் திணறி இறந்துவிடும் என்பதையும் நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை பிள்ளைகளுக்கு விளக்கினார். முட்டையிட ஆமைகள் கரையேறும் பருவம் அதுவே என்பதையும் அவர் சொன்னபிறகு, கோட்டை கட்டிய பள்ளங்களைப் பிள்ளைகள் தாமாகவே மூடினார்கள்.

நம் தரப்பில் நேர்ந்த தவறு ஒன்றையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். இளைஞர்கள் ஆடிய கிரிக்கெட் பந்து, உலர்த்தப் போட்டிருந்த வலைகளின்மேல் போய் விழ, அதை எடுக்கச் சென்றவர்கள் செருப்புக் காலுடன் வலையை மிதித்துவிட்டார்கள். அங்கிருந்த மீனவப் பெண்மணி, “உங்க வீட்டு அடுப்பு மேல ஏறி நின்னா சும்மா இருப்பீங்களா?” என்று கேட்டார். கேட்டது நியாயம். தலைவர் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார். அந்த அம்மாவிடமே வஞ்சிர மீன் வாங்கிக்கொண்டுதான் திரும்பினோம்.

செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் தை மாதமும் கோவளத்திற்கே செல்லவும், வேறு வேன் அமர்த்தி அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்படவும், படகும் வலையும் இருக்கும் பகுதியில் ஆட்டம் கூடாதென முன்னதாகவே அறிவிக்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்