தண்ணீருக்குள் இருக்கும் அம்மாயியின் ஊர்

கிளிநொச்சி,
சித்திரை 5

அன்பு மகளுக்கு,

தைப்பொங்கல் கழிந்து நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பல நாள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரி என்று நீ எழுதியிருந்த விண்டர்மியர், ஏறத்தாழ பதினேழு கிலோமீற்றர் நீளத்துக்கு மலைகளின் நடுவே கிடக்கும் அழகு அழகுதான். ஆனால் அம்மாவின் விரல் நின்றது அந்தப் படத்தில் அல்ல, மரமும் வீடும் இல்லாத ஹோஸ்வோட்டர் நீர்த்தேக்கத்தின் படத்தில். அந்தத் தண்ணீருக்கு அடியில் மார்டேல் என்ற ஊர் இருந்தது என்றும், மான்செஸ்டர் நகரத்தின் தாகத்துக்காக 1930களில் அணை கட்டி அதை மூழ்கடித்தார்கள் என்றும், உன் வீட்டுக் குழாயில் வருவதிலும் அந்தத் தண்ணீர் கலந்திருக்கிறது என்றும் நீ தொலைபேசியில் சொன்ன இரவு, அம்மா வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் அம்மாவின் ஊரும் அப்படித்தான் போனது" என்றார். முப்பத்தைந்து வருடம் கூடி வாழ்ந்த எனக்கே அது அதுவரை அரைகுறையாகத்தான் தெரியும். உனக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பங்குனி நடுவில், மாரி மழையில் விளைந்த காலபோக நெல்லை விற்றுவிட்டு, கோடை விதைப்பான சிறுபோகத்துக்குக் கமக்காரர் கூட்டம் நடப்பதற்கு முன் கிடைத்த ஒரு கிழமையில் நாங்கள் இருவரும் மலைநாட்டுக்குப் போய் வந்தோம். 1977இல் கலவரத்துக்குப் பயந்து பதினொரு வயதில் மலையை விட்டு இறங்கி, அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்த அம்மா, அதன் பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. போகலாம் என்று நான் முன்பு கேட்டபோதெல்லாம் வயலையும் மாட்டையும் உங்கள் படிப்பையும் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டவர், இந்த முறை தானாகவே பையை அடுக்கினார்.

கண்டி வாவியைச் சுற்றி ஒரு காலை நடந்தோம். கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டத் தொடங்கிய அந்த வாவி, அதற்கு முன் நெல்வயலாக இருந்த இடம் என்று அறிந்தபோது கமக்காரனான எனக்கு மனம் கொஞ்சம் வலித்தது. வயலுக்காகக் குளம் கட்டுவதையே பார்த்து வளர்ந்தவன் நான். நுவரெலியாவில் 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி அமைத்த வாவியில் படகும் குதிரைச் சவாரியும் கூட்டமுமாக இருந்தது, ஆனால் குளிர் தாங்க முடியாததால் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டோம். தலவாக்கலையைத் தாண்டி ஹட்டனுக்கும், அங்கிருந்து நோர்வூட்டுக்கும் இறங்கும் வழியில் காசல்ரீ நீர்த்தேக்கம் பஸ் ஜன்னலில் கூடவே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் மறைந்து, அடுத்த வளைவில் வேறொரு பக்கத்தைக் காட்டியது. தேயிலை தண்ணீரின் விளிம்பு வரை இறங்கி வந்து நிற்க, நடுவில் சின்னச் சின்னத் தீவுகள் கிடந்தன. அவை மூழ்காமல் தப்பிய குன்றுகளின் உச்சிகள் என்று பக்கத்து ஆசனத்தில் இருந்த முதியவர் சொன்னார். அதன் பிறகு எனக்கு அவற்றைத் தீவுகளாகப் பார்க்க முடியவில்லை.

மஸ்கெலியா ஆற்றை மறித்துக் கட்டிய மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் கடைசியில் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா பட்டணம் அதற்குள் போனது. கடைத்தெரு, கோவில், பள்ளிவாசல், பௌத்த விகாரை எல்லாம் ஒன்றாகவே போயின. இப்போது இருக்கும் பட்டணம் மேட்டில் புதிதாக எழுப்பியது. அம்மாயிக்குத் தாலி கட்டியது அந்தப் பழைய கோவிலில்தான். கூறைச் சேலையை எந்தக் கடையில் எடுத்தார்கள், மழைக்கு எந்தத் திண்ணையில் ஒதுங்கினார்கள் என்பதையெல்லாம் அம்மாயி வன்னியில் அடுப்படியில் இருந்து சொல்லுவாராம். அந்தக் கடையும் திண்ணையும் அப்போதே தண்ணீருக்கடியில் இருந்தன என்பது சிறுமியான அம்மாவுக்கு விளங்கவில்லை. ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்படி அடம்பிடித்து அழுதிருக்கிறார்.

மழை இல்லாத மாதங்களில் நீர்மட்டம் கீழே இறங்கும்போது அந்தக் கோவிலும் மற்றக் கட்டடங்களின் மிச்சங்களும் வெளியே தெரியும். அம்மாவுக்குச் சித்தி முறையான ஒருவர் அருகிலுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கிறார். அவர் மறுநாள் விடியற்காலையில் எங்களை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார். கரையின் செம்மண்ணில், தண்ணீர் ஒவ்வொரு நாளும் நின்று நின்று இறங்கிய அடையாளம் படிப்படியாக வரி விழுந்திருந்தது. நம் இரணைமடுக் குளத்தில், தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுகோலில் அடிக்கணக்கு வாசித்துப் பழகிய என் கண், அந்த வரிகளையும் தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கியது. அடியில் சேறு காய்ந்து, பெரிய பெரிய ஓடுகளாக வெடித்து, மிதித்தால் நொறுங்கியது.

கோவிலின் சுவர்களில் ஒரு பகுதியும் சில தூண்களும் நிற்கின்றன. தூணைத் தொட்டால் காய்ந்த பாசி பொடியாக உதிர்கிறது. செங்கற்களின் இடுக்குகளில் நத்தை ஓடுகள் செருகிக் கிடந்தன. யாரோ எங்களுக்கு முன்பே வந்து கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள், கல்லின்மேல் கருமை புதிதாக இருந்தது. அம்மா கும்பிடவில்லை. படி என்று சொல்லத்தக்க ஒரு மேட்டில் குந்தியிருந்து, சேலைத் தலைப்பால் சேற்றைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கல்லின் விளிம்பு தெரிந்தது. ஏறி இறங்கிய கால்கள் தேய்த்து, நடுவில் சற்றுக் குழிந்திருந்த விளிம்பு. அம்மா அந்தக் குழிக்குள் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அம்மா இதில் ஏறித்தான் வந்திருப்பார், இல்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் ஆம் என்றேன்.

திரும்பி ஏறும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "77இல் நான் விட்டு வந்த லயம் அதே இடத்தில் நிற்கிறது. 2009இல் நாங்கள் விட்டு ஓடிய வீட்டுக்குக் கூரை போனாலும், காணிக்குத் திரும்பி வந்துவிட்டோம். அம்மாவுக்குத்தான் திரும்பி வர ஊர் இருக்கவில்லை. ஆனால் அவர் ஒருநாளும் அதைக் கோபமாகச் சொன்னதில்லை."

அம்மாயிக்கு வராத கோபம் எனக்கு அன்று வந்தது, மகளே. மவுசாகலையில் தேங்கும் தண்ணீர் கெனியன், லக்சபான, பொல்பிட்டிய என்று மின்நிலையம் மின்நிலையமாக இறங்கி, கெஹெல்கமு ஆற்றோடு சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்புக்குக் குடிநீருமாகிறது. அது பெரிய வேலை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீருக்கு ஊரைக் கொடுத்த அம்மாயி, வன்னியில் குப்பி விளக்கோடுதான் வாழ்ந்து முடித்தார். நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததும் அந்த விளக்கில்தான். போர் முடிந்த பிறகு நம் வீட்டில் முதல் மின்குமிழ் எரிந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

குளம் கட்டுவதே பிழை என்று நான் சொல்வதாக நீ எண்ணிவிடாதே. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் இரணைமடுவைக் கட்டத் தொடங்கியிராவிட்டால் நமக்கு வயலும் இல்லை, உன்னைப் படிப்பித்த காசும் இல்லை. முப்பத்தாறு அடிக்கு நிரம்பி அது வான் பாயும் நாளில் ஊரே திரண்டு போய்ப் பார்ப்பதும், அந்த நுரையைப் பார்த்து நீ சிறுவயதில் என் தோளில் இருந்து கை தட்டியதும் எனக்கு மறக்காது. ஆனால் நீர்த்தேக்கம் ஒன்றின் முன் நின்று படம் எடுக்கும்போது, அடியில் யாருடைய வாசற்படி கிடக்கிறது என்று ஒரு தரம் கேட்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. நீ கேட்டாய். மார்டேல் தேவாலயத்தின் கற்களைப் பிரித்தெடுத்து நீரெடுக்கும் கோபுரத்தில் வைத்துக் கட்டினார்கள் என்றும், மயானத்தில் இருந்த தொண்ணூற்றேழு பேரின் உடல்களைத் தோண்டியெடுத்து ஷாப் என்ற ஊரில் மறுபடி அடக்கம் செய்தார்கள் என்றும் தேடி அறிந்து எங்களுக்குச் சொன்னாய். அதைக் கேட்டிராவிட்டால் அம்மா வாய் திறந்திருக்கவே மாட்டார். பெற்றவர்களுக்குப் பிள்ளை செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்றை நீ அறியாமலே செய்திருக்கிறாய்.

அங்கே வறட்சி வந்து மார்டேலின் பழைய பாலமும் மதில்களும் வெளியே தெரிகின்றன என்று செய்தி வந்தால், வேலைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார். எங்களுக்குப் படம் அனுப்பு. பாலத்தின் கல்லைக் கிட்ட நின்று எடு, தூரத்து மலை வேண்டாம். அம்மா கேட்டது அது.

இன்னொரு விடயம். நீ ஆவணியில் வரப்போவதாகச் சொல்லியிருந்தாய். நம் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிரம்புபவை. மவுசாகலை தென்மேற்குப் பருவமழைக்கு நிரம்புவது. ஆகையால் ஆவணியில் அங்கே தண்ணீர் ஏறி நிற்கும், கோவில் தெரியாது. முடியுமானால் பயணத்தைப் பங்குனிக்கு மாற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இடம் கொடுக்குமா என்று விசாரித்து எழுது. சித்தி அதுவரை லயத்தில்தான் இருப்பார். வழி எனக்குத் தெரியும், இறங்கும் இடத்தில் அம்மாவின் கையைப் பிடிக்க மட்டும் இன்னொருவர் தேவை.

அன்புடன்,
அப்பா